கோடு போட்ட குற்றம்!

இருட்டில் சுவரேறி வரும் சின்னப் பாம்பை ‘கட்டுவிரியன்’ என்று அடித்துக் கொல்கிறோம். அடிபடுவது பெரும்பாலும் பல்லி தின்ன வந்த ஓநாய்ப் பாம்பு. இந்தக் குழப்பத்தில் சாவது பாம்பு மட்டும்தானா?

“ம்மா... செவுத்துல பூச்சி!”

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. வாசல் குழல்விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கிறது. ஈசலைப் பிடிக்கப் பல்லிகள் வந்துவிட்டன. எரவானத்துக்குக் கீழே, கருங்கல் சுவரின் சாந்து உதிர்ந்த இடுக்கிலிருந்து சாட்டை கனத்தில் ஒரு உருவம் மேலே ஏறுகிறது. பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள். பையன் கத்திய கத்தலில் தெருவே திரள்கிறது. ஒருவர் கையில் டார்ச், இன்னொருவர் கையில் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து எடுத்து வந்த மண்வெட்டிக் காம்பு. “கட்டுவிரியன்டா, கிட்ட போவாத” என்கிறார் ஒரு பெரியவர். அந்தப் பெயர் விழுந்த பிறகு அங்கே யாருக்கும் இரண்டாவது யோசனை கிடையாது.

இது ஒரு வீட்டில் ஒரு நாள் நடந்தது என்று சொல்ல முடியாது. அனந்தபுரத்தில், செஞ்சிக் கோட்டையடித் தெருக்களில், விழுப்புரம் மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் மழைக்கால இரவுகளில் நடப்பதுதான். கூட்டம் கலைந்த பிறகு யாராவது அந்தப் பாம்பை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தால், கழுத்தருகே தொடங்கும் பட்டைகள் வால் பக்கம் போகப் போக மங்கி மறைவது தெரியும். கட்டுவிரியனுக்கு அப்படி இருக்காது.

பல்லி வேட்டைக்காரன்

ஓநாய்ப் பாம்பு, வெள்ளிக்கோல் வரையன் என்றெல்லாம் தமிழில் பெயர் உண்டு. அறிவியல் உலகத்துக்கு இது பழைய அறிமுகம். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வெளியிட்ட பட்டியலிலேயே இது இடம்பெற்றுவிட்டது. இன்றைய பெயர் லைக்கோடான் ஆலிகஸ். இந்தியா முழுக்கவும் இலங்கையிலும் மனிதர் வாழும் இடங்களை ஒட்டியே அதிகம் காணப்படுகிறது. சராசரியாக ஒன்றரை அடி நீளம்; இரண்டரை அடியைத் தாண்டுவது அரிது. தலை தட்டையாக இருக்கும். கண்கள் முழுக்கக் கறுத்து, மிளகை ஒட்டவைத்ததுபோல் வெளியே துருத்தியிருக்கும். வயிற்றுச் செதில்களின் ஓரம் சற்றே மடிந்து விளிம்பு கட்டியிருப்பதால் சொரசொரப்பான சுவரில் பிடிமானம் கிடைக்கிறது. மாடி வீட்டுக் குளியலறைக்குப் பாம்பு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

பகலில் விறகு அடுக்கு, செங்கல் குவியல், ஓட்டின் அடி, கதவு நிலையின் விரிசல் என்று எங்காவது சுருண்டு கிடக்கும். இருட்டிய பிறகே இரை தேடப் புறப்படும். பல்லியும் அரணையும்தான் முதன்மை உணவு. எலிக்குஞ்சும் தவளையும் எப்போதாவது. நாம் வாசலில் விளக்குப் போடுகிறோம். விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்கு இந்தப் பாம்பு. நம் வீட்டுக்கு அது வரும் வழியை நாமேதான் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

அதன் பல் வரிசையில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். அரணையைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். செதில்களோ கவசம்போல் கெட்டி. சாதாரணப் பாம்பின் ஊசிப் பற்கள் அதில் இறங்காமல் வழுக்கிப்போகும். ஓநாய்ப் பாம்பின் மேல்தாடை எலும்பு வில்லாக வளைந்திருக்கிறது. முன்னால் பெரிய பற்கள், பிறகு ஓர் இடைவெளி, பிறகு பின்பற்கள். வழுக்கும் அரணையின் உருண்ட உடம்பு அந்த வளைவுக்குள் அகப்பட்டால் தப்ப முடியாது. கேட் ஜாக்சன், தாமஸ் ஃப்ரிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதன் நெருங்கிய உறவினமான பாம்பின் தாடையை ஆராய்ந்து 2004இல் இதை விளக்கினார்கள். முன்னால் நீண்டிருக்கும் அந்தப் பற்களைப் பார்த்துத்தான் ஓநாய் என்ற பெயரும் வந்தது. அவற்றில் விஷக்குழல் கிடையாது, மனிதருக்குக் கேடு செய்யும் விஷமும் கிடையாது. ஆனால் பிடித்தால் கோபமாகக் கடிக்கும், ரத்தமும் வரும். குழப்பம் தொடங்குவதே அந்த ரத்தத்தில்தான்.

[பெட்டிச் செய்தி] கோட்டை எங்கே பார்ப்பது?

கட்டுவிரியன்: பளபளக்கும் கறுப்பு அல்லது நீலக் கறுப்பு. மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. கழுத்தருகே கோடு இருக்காது அல்லது மங்கலாக இருக்கும். பின்பக்கம் போகப் போகத் தெளிவாகும். முதுகெலும்பின் மேல் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வளர்ந்தது மூன்று அடிக்கு மேல்.

ஓநாய்ப் பாம்பு: பழுப்பு அல்லது சாம்பல் பழுப்பு. வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி, விலாப் பக்கம் அகன்று, வாலருகே மறையும். முதுகுச் செதில்கள் எல்லாம் ஒரே அளவு.

இந்த அடையாளங்கள் எட்டி நின்று பார்ப்பதற்கு மட்டும். கட்டுவிரியன் குட்டியும் சின்னதுதான். ஓநாய்ப் பாம்பில் கோடே இல்லாததும் உண்டு, கறுத்ததும் உண்டு. ‘இது ஓநாய்ப் பாம்புதான்’ என்ற நம்பிக்கையில் பாம்புக்குப் பழகியவர்கள்கூடக் கட்டுவிரியனைக் கையில் எடுத்து உயிரை விட்டிருக்கிறார்கள். உறுதியாகத் தெரியாத எந்தக் கோட்டுப் பாம்பையும் விஷப்பாம்பாகவே நினைத்து விலகி நில்லுங்கள்.

காப்பாற்றிய வேஷமே கொல்கிறது

விஷமில்லாத ஒன்று விஷமுள்ளதன் தோற்றத்தைக் கொண்டிருந்தால், வேட்டையாட வருபவை ஒதுங்கிப் போகும். பட்டாம்பூச்சிகளில் இதை முதலில் விளக்கியவர் ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். ஓநாய்ப் பாம்பின் கோடுகளையும் பலர் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். பருந்தும் ஆந்தையும் கீரியும் ஒரு கணம் தயங்கினால் போதும், சின்னப் பாம்பு இடுக்குக்குள் புகுந்துவிடும்.

கட்டுவிரியனிடம் இந்த வேஷம் செல்லாது. அதன் விருப்ப உணவே மற்ற பாம்புகள்தான். ஓநாய்ப் பாம்பும் அதில் அடக்கம். மனிதரிடம் விளைவு நேர்த் தலைகீழ். மற்ற விலங்குகள் ஆபத்து என்று கண்டால் ஒதுங்கும். நாம் தடி எடுப்போம். பல லட்சம் ஆண்டுகளாக உயிர் காத்த கோடு, சிமென்ட் சுவரில் ஏறியதும் மரண தண்டனைக்குக் காரணமாகிவிட்டது.

மந்திரிப்புக்குக் கிடைத்த பெயர்

இந்தப் பாம்பின் சாவைவிடப் பெரிய விளைவு ஒன்று இருக்கிறது. எழுதுவதற்கு முன் பல நாள் மனதை அரித்தது அதுதான்.

எந்த வட்டாரத்துக்குப் போனாலும் பாம்புக்கடிக்குப் பார்க்கும் ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். வேப்பிலை அடிப்பார், வேர் கொடுப்பார், கயிறு கட்டுவார், கல் வைத்து விஷம் இழுப்பார். “எங்க சித்தப்பாவக் கட்டுவிரியன் கடிச்சுது. அவருகிட்ட கூட்டிட்டுப் போனோம். விடிஞ்சதும் எழுந்து உக்காந்துட்டாரு” என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. சித்தப்பா பிழைத்தது உண்மை. கடித்தது கோட்டுப் பாம்பு என்பதும் உண்மை. அது கட்டுவிரியன்தானா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் இருக்கின்றன. அவற்றில் மனிதரைக் கொல்லக்கூடியவை சிறுபான்மை. இரவில் வீட்டுக்குள் வரும் கோட்டுப் பாம்பு கடித்தால், அது ஓநாய்ப் பாம்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விஷப்பாம்புகூடச் சில நேரம் விஷம் செலுத்தாமல் வெறும் கடி கடித்துவிட்டுப் போகும். இந்த இரண்டு வகையிலும் கடிபட்டவர் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார், அடிக்காவிட்டாலும் பிழைப்பார். பிழைத்தவர் ஒவ்வொருவரும் வைத்தியருக்கு ஒரு சாட்சி. இறந்தவருக்கோ ‘நேரம் கடந்து வந்துட்டாங்க’, ‘விதி’ என்று காரணங்கள் தயாராக இருக்கின்றன. வருஷக்கணக்கில் இப்படிச் சேர்ந்த பெயரை நம்பித்தான், நிஜமாகவே கட்டுவிரியன் கடித்தவரின் குடும்பம் ஆட்டோவை மருத்துவமனைக்குத் திருப்பாமல் வைத்தியர் வீட்டுக்குத் திருப்புகிறது.

அந்தத் தாமதம் என்ன செய்யும்? கட்டுவிரியன் கடி பெரும்பாலும் நள்ளிரவில், தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை நோக்கி வருகிறது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல தடவை கடித்த தடமே தெரியாது. எறும்போ கொசுவோ என்று புரண்டு படுத்துவிடுவார்கள். பிறகு வயிற்று வலி, வாந்தி. சோறு சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அடுத்து இமை சரியும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். இந்த விஷம் நரம்பு முனைகளையே சிதைக்கிறது. சிதைந்த பிறகு விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் அந்த முனைகள் உடனே சீராகாது. அவை மறுபடி வளரும்வரை, பல நாட்கள்கூட, செயற்கைச் சுவாசக் கருவிதான் அவருக்காக மூச்சு விட வேண்டும். எனவே கட்டுவிரியன் கடியில் முதல் சில மணி நேரத்துக்கு வேறு எதையும் ஈடு சொல்ல முடியாது. அதைத்தான் வேப்பிலை தின்றுவிடுகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானவை கிராமத்து வீடுகளில் நிகழ்ந்த சாவுகள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இத்தனை சாவுக்கும் ஓநாய்ப் பாம்பு காரணமில்லை. ஆனால் அதன் தீங்கில்லாத கடிகள் பொய் மருத்துவத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கின்றன என்பதை நாம் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பிரச்சினை உண்டு. அடித்த பாம்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ‘கட்டுவிரியன் கடிச்சிருச்சு, ஊசி போடுங்க’ என்று மருத்துவரை நெருக்குவது. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். எந்தப் பாம்பு என்று பார்த்து மருந்து ஏற்றுவதில்லை, உடம்பில் விஷத்தின் அறிகுறி தெரிகிறதா என்று பார்த்தே ஏற்றுகிறார்கள். இமை சரிகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். இது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் கடியில் ரத்தம் வழக்கம்போல் உறைந்துவிடும். அதனால்தான் அறிகுறி எதுவும் இல்லாதவரையும் ஒரு நாள் படுக்கையில் வைத்துக் கவனிக்கிறார்கள். ‘ஊசியே போடாம ஒக்கார வெச்சிருக்காங்க’ என்று உறவினர்கள் சண்டைக்குப் போகும் அந்த ஒரு நாள்தான் உண்மையான சிகிச்சை.

[பெட்டிச் செய்தி] கடித்துவிட்டால்

எந்தப் பாம்பு என்று ஆராய வேண்டாம். பிடிக்கவோ அடிக்கவோ போக வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான துணியைக் கழற்றுங்கள். இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் சிம்பு வைத்து, 108ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள். செஞ்சி வட்டாரத்தாருக்குச் செஞ்சி அரசு மருத்துவமனை. சுவாசக் கருவி தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் ‘தரையில் படுத்திருந்தார்’ என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாறைக்குள் இன்னும் சிலர்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் வளைத்த செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் மராத்தியப் படைத்தளங்கள் என்ற வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தப் பட்டியலின் 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. அதற்கான பெருமிதம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் உருண்டு அடுக்கிய அந்தப் பாறைகளும் இடையில் மண்டிய முட்புதர்களும் எவ்வளவு உயிர்களுக்கு வீடு என்பது பேச்சில் வருவதில்லை. பகல் முழுக்கச் சூடேறிய பாறை இரவில் மெதுவாகத்தான் ஆறும். அதன் இடுக்குகளில் பல்லிகள், பல்லிகளைத் தேடிப் பாம்புகள். பக்கத்தில் பாம்புகளுக்கு ஏற்ற பாக்கம் மலைக் காப்புக்காடு. சுற்றிலும் கரும்பும் நெல்லும் மல்லாட்டையும்.

செஞ்சிக்கு வடக்கே இருக்கும் ஆரணிக்கு உலகப் பாம்பியலில் நிலையான ஓர் இடம் உண்டு. 1802இல் ஜார்ஜ் ஷா என்பவர் ஒரு சின்னப் பாம்புக்கு அது கிடைத்த ஊரின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் அது ‘ஆர்னென்சிஸ்’தான். நாம் ஓலைப்பாம்பு என்கிறோம். குக்ரி கத்தி போன்ற பின்பற்களால் ஊர்வனவற்றின் முட்டையைக் கிழித்துத் தின்பது. பட்டைகள் இருப்பதால் இதுவும் கட்டுவிரியன் என்று அடிபடும். 2022இல் ஆய்வாளர்கள் இதை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். ஆரணிப் பெயர் தென்பகுதிப் பாம்புக்கே நிலைத்தது. பட்டுக்குப் பெயர்போன ஊர், பாம்புக்கும் பெயர் கொடுத்திருப்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லப்பட வேண்டிய சேதி.

மண்ணுளிப் பாம்பின் நிலை இன்னும் பரிதாபம். 1801இல் பாட்ரிக் ரஸ்ஸல் என்பவர் இதற்கு வைத்த அறிவியல் பெயர், தரங்கம்பாடியில் பணியாற்றிய பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜானின் பெயர். மழுங்கிய வாலை இன்னொரு தலை என்று நம்பி, இருதலைப் பாம்பு என்று சொல்லி, லட்சங்களுக்கு விலை பேசுகிறது ஒரு மோசடிக் கூட்டம். அதிர்ஷ்டம் தரும், நோய் தீர்க்கும் என்பதெல்லாம் முழுப் பொய். இரவில் மண்ணுக்கடியில் எலி பிடித்து விவசாயிக்கு உதவும் இதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

மழை பெய்தால் குளியலறைத் தரையில் மண்புழுபோல் நெளிந்து வருவது புழுப்பாம்பு. காதுக்குள் நுழையும் என்று பயந்து செருப்பால் தேய்த்துவிடுகிறார்கள். எறும்பு, கறையான் இவற்றின் முட்டைக்கும் புழுவுக்கும் மேல் அதற்கு எதுவும் வேண்டாம். எப்போதுமே ஆண் துணை இல்லாமல் இனம் பெருக்கும் பாம்பு என்று அறியப்பட்டது இது ஒன்றுதான். அறியப்பட்ட அத்தனையும் பெண். பூந்தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகத்தின் பாதியைச் சுற்றிவிட்டது.

[பெட்டிச் செய்தி] இடம் மாறினால்

ஓநாய்ப் பாம்பின் உறவினமான லைக்கோடான் கபுசினஸ், சரக்குக் கப்பல் வழியாக 1980களில் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தகைய பாம்பை அறியாமல் பரிணமித்த தீவுப் பல்லிகளிலும் அரணைகளிலும் பல இனங்கள் சில பத்தாண்டுகளில் காடுகளிலிருந்து காணாமல் போயின. அதற்கு முதன்மைக் காரணமாக இந்தப் பாம்பையே கருதுகிறார்கள். தீவின் காட்டு அரணை இனத்தின் கடைசி உயிர் 2014இல் கூண்டில் இறந்தது. நம் ஊரில் பல்லியும் ஓநாய்ப் பாம்பும் சேர்ந்தே வளர்ந்தவை. இங்கே ஒன்றால் மற்றொன்று அழிந்துவிடவில்லை.

தடியைக் கீழே வைப்பதற்கு முன்

‘பாம்பைக் கொல்லாதீர்கள்’ என்று நகரத்திலிருந்து எழுதுவது சுலபம். தரையில் குழந்தைகளைப் படுக்கவைக்கும் தாயிடம் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. முதலில் அவள் பயத்துக்குப் பதில் வேண்டும். கட்டில் நல்லது. அது முடியாத வீட்டில் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகிவிட்டால் போதும். நேபாளத்தின் தென்கிழக்கில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, வலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடி பெரிதும் குறைவதைக் காட்டியது. கொசுவுக்காக வாங்கும் வலை கட்டுவிரியனையும் தடுக்கிறது. விறகையும் செங்கல்லையும் படுக்கும் அறைச் சுவரோடு அடுக்காமல் தள்ளி அடுக்கலாம். கதவின் அடி இடுக்கைத் துணி சுருட்டி அடைக்கலாம். கொல்லைக்குப் போகும்போது டார்ச் வேண்டும். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் கண்ணைவிட்டு அகலாமல் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. செஞ்சி, திண்டிவனம் பக்கம் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்ற பிறகு, பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு தயாராகிறது. பிடித்த பாம்பிடம் சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புற்றோரத்துத் தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு என்று சொல்லும் அந்த அறிவை ஊராட்சிகளும் பள்ளிகளும் கூலி கொடுத்துப் பயன்படுத்தலாம். ஓநாய்ப் பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் வித்தியாசத்தை அவர்களைவிடத் தெளிவாக யார் சொல்லித்தர முடியும்?

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் சாவையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் படிவத்தில் விஷம் ஏறாத கடிகளும் தவறாமல் ஏற வேண்டும், கடிபட்டவர் மருத்துவமனைக்கு வருமுன் வேறு எங்கே போனார், எத்தனை மணி நேரம் போயிற்று என்பதும் ஏற வேண்டும். செஞ்சி வட்டத்தில் ஒரு மழைக்காலத்துக்கு இந்த விவரத்தை முழுமையாக எடுத்துக் கிராமசபையில் வாசித்தால், வேப்பிலையால் பிழைத்தவர்கள் உண்மையில் எதனால் பிழைத்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.